பதினொரு வயதுப் பையனுக்கு பைக் ரேஸ்: எங்கே தொடங்குவது, தொடங்கலாமா?

#1 பனியன்நகரம்

எல்லோருக்கும் வணக்கம். நான் திருப்பூர். ஏற்றுமதி கம்பெனி ஒன்றில் மெர்ச்சண்டைசராக இருக்கிறேன். இந்த ஆடியோடு என் மகனுக்குப் பதினொரு வயது முடிகிறது. 2023 செப்டம்பரில் நொய்டா பக்கம் புத் சர்க்யூட்டில் மோட்டோஜிபி என்ற உலக பைக் ரேஸ் நடந்தது அல்லவா, அதை டிவியில் பார்த்த நாளிலிருந்து அவனுக்கு வேறு பேச்சே இல்லை. சைக்கிளில் போனாலும் வளைவு வந்தால் முழங்காலை வெளியே நீட்டுகிறான்.

போன மாதம் கோவையில் கார்ட் என்ற குட்டி ரேஸ் கார் ஓட்ட அழைத்துப் போனோம். அங்கே வேலை பார்க்கும் ஒரு தம்பி, "அக்கா, யாரும் சொல்லிக்கொடுக்காமலே பையன் பிரேக்கைச் சரியான இடத்தில் பிடிக்கிறான்" என்றார். பெருமையாகவும் இருந்தது, வயிற்றைக் கலக்கவும் செய்தது. அன்று ராத்திரி எனக்குத் தூக்கமே இல்லை.

இந்த வயதுக் குழந்தைகளுக்கென்று முறையான பைக் ரேஸ் தொடர் இருக்கிறதாமே, எங்கே, எப்படிச் சேர்ப்பது? அப்புறம் இன்னொன்று. 2023 ஆகஸ்டில் சென்னைக்குப் பக்கத்தில் இருங்காட்டுக்கோட்டை ரேஸ் ட்ராக்கில் பெங்களூருப் பையன் ஸ்ரேயாஸ் ஹரீஷ் பதின்மூன்று வயதில் இறந்த செய்தியை மறக்க முடியவில்லை. அதற்குப் பிறகும் ஒரு தாய் இப்படிக் கேட்கலாமா என்று யாருக்காவது தோன்றினால், அதையும் தயங்காமல் எழுதுங்கள். நல்ல வார்த்தை மட்டும் கேட்க நான் இங்கே வரவில்லை.

#2 செட்டிபாளையத்தான்

அக்கா, நம்ம ஊர்ப் பக்கமே வந்துவிட்டீர்கள். செட்டிபாளையத்தில் இருக்கும் கரி மோட்டார் ஸ்பீட்வே ட்ராக் திருப்பூரிலிருந்து ஒரு மணி நேரம்தான். காலையில் டீ குடித்துவிட்டுக் கிளம்பினால் முதல் பிராக்டிஸுக்கு வந்து நின்றுவிடலாம்.

படிக்கட்டு இப்படி. அடிப்படியில் உலக பைக் ரேஸ் கூட்டமைப்பான எஃப்ஐஎம்மின் மினிஜிபி தொடர். 2021இல் உலக அளவில் தொடங்கி, 2022இல் இந்தியாவுக்கு வந்தது. 160 சிசி குட்டி பைக், கார்ட் ட்ராக்கில்தான் ரேஸ். வயது பத்திலிருந்து பதினான்கு. அதற்கு மேலே தேசிய சாம்பியன்ஷிப்பின் ரூக்கி பிரிவு, அப்பாச்சி ஆர்டிஆர் 200 போன்ற பைக்கில். ஹோண்டா நடத்திய டேலண்ட் கப்பில் என்எஸ்எஃப்250ஆர் என்ற முழு ரேஸ் பைக்கையே பள்ளிப் பையன்களுக்குக் கொடுத்தார்கள். அதற்கும் மேலே ஏசியா டேலண்ட் கப், ஐரோப்பியத் தொடர்கள், பல நாட்டு இளம் ரைடர்கள் மோதும் ரெட்புல் ரூக்கீஸ் கப்.

ரேஸ் லைசென்ஸை இந்திய மோட்டார் விளையாட்டுக் கூட்டமைப்பான எஃப்எம்எஸ்சிஐ கொடுக்கும். எந்தப் பிரிவுக்கு எந்த வயது என்பது வருடா வருடம் மாறும், அதனால் அந்தந்த வருடத்து விதிப்புத்தகத்தை நீங்களே படித்துவிடுங்கள். வாட்ஸ்அப்பில் யாரோ சொன்னதை நம்பிப் பணம் கட்டாதீர்கள்.

பையனுக்கு ஆசை இருக்கிறது, நீங்களும் கூட நிற்கிறீர்கள். தாராளமாகத் தொடங்குங்கள்.

#3 பைபாஸ் பறவை

என் அக்கா மகன் பன்னிரண்டு வயதிலேயே நன்றாக பைக் ஓட்டினான். ஞாயிற்றுக்கிழமை விடிகாலை ஐந்து மணிக்கு பைபாஸில் ஒரு வண்டி இருக்காது. நான் பின்னாலேயே காரில் போவேன். ட்ராக் வாடகை, லீத்தர் சூட் என்றெல்லாம் செலவு செய்வதற்கு முன்னால் இப்படி ஆறு மாதம் ஓட்டிப் பாருங்கள். ஆசை நிலைக்கிறதா என்பதாவது தெரிந்துவிடும்.

#4 மஞ்சள்கொடி

வேண்டவே வேண்டாம். பைபாஸ் பறவை, நீங்கள் அக்கறையில்தான் சொல்கிறீர்கள் என்று தெரிகிறது, ஆனாலும் இந்த யோசனையை இங்கேயே நிறுத்த வேண்டும். பல வருடமாக ட்ராக் ஓரத்தில் மார்ஷலாகக் கொடி பிடிக்கிறேன், அதனால் சொல்கிறேன்.

முதலில் சட்டம். 2019இல் மோட்டார் வாகனச் சட்டத்தைத் திருத்தி 199ஏ என்ற பிரிவைச் சேர்த்தார்கள். சிறுவன் ரோட்டில் வண்டி ஓட்டிக் குற்றம் நடந்தால் பெற்றோர் அல்லது வண்டிச் சொந்தக்காரருக்கு மூன்று வருடம் வரை சிறை, 25,000 ரூபாய் அபராதம். வண்டியின் பதிவு ஒரு வருடத்துக்கு ரத்து. பையனுக்கு இருபத்தைந்து வயது வரை லைசென்ஸ் கிடையாது.

சட்டத்தை விடுங்கள். ரோட்டில் விழுந்தவன் எதன் மீது போய் மோதுவான்? மீடியன் கல், மின்கம்பம், மைல்கல். ட்ராக்கில் வளைவுக்கு வெளியே காலி நிலம் விட்டிருப்பதே வழுக்கிப் போகிறவன் எதிலும் மோதாமல் தானாக நிற்கட்டும் என்றுதான். மார்ஷல் நிற்கும் ஒவ்வொரு போஸ்டிலும் ஆள் இருப்போம். டாக்டரும் ஆம்புலன்ஸும் வந்து நிற்காமல் பிராக்டிஸைக்கூடத் திறக்க மாட்டார்கள். எதிரே மாடு வராது, யூ டர்ன் போடும் லாரி வராது.

இன்னொன்றும் உண்டு. ரோட்டில் பழகியவன் ட்ராக்குக்கு வந்ததும் அந்தப் பழக்கத்தை மறக்கடிக்க ஒரு வருடம் ஆகிறது. ரோடு பயத்தைப் போக்கும், ஓட்டும் கலையைக் கற்றுத் தராது. பயமும் கலையும் சேர்ந்து வளர வேண்டும் என்பது என் எண்ணம்.

#5 பைபாஸ் பறவை

சட்டம் இவ்வளவு கடுமை என்று தெரியாது. அவன் இப்போது கல்லூரியில் படிக்கிறான், நல்லவேளையாக ஒன்றும் ஆகவில்லை. மேலே நான் எழுதியதை யாரும் பின்பற்ற வேண்டாம். நீக்காமல் விடுகிறேன், மஞ்சள்கொடியின் பதிலோடு சேர்த்தே படிக்கட்டும்.

#6 ஸ்பேனர்14

நான் மெக்கானிக், அதனால் பைக்கைப் பற்றி மட்டும் பேசுகிறேன்.

மினிஜிபியில் ஓடுவது ஓவாலே என்ற இத்தாலிய பைக். பத்து அங்குலச் சக்கரம், 160 சிசி நான்கு ஸ்ட்ரோக் இன்ஜின். தூரத்தில் பார்த்தால் பொம்மை. கிட்டே போய்ப் பார்த்தால் சேசிஸ், சஸ்பென்ஷன், டிஸ்க் பிரேக், கோடு வெட்டாத ஸ்லிக் டயர் எல்லாம் பெரிய ரேஸ் பைக்கின் அதே பாணியில் இருக்கும். எல்லாப் பையன்களுக்கும் ஒரே பைக், ஒரே டயர். அப்பா பணக்காரர் என்பதால் ஒருவனுக்கு மட்டும் கூடுதல் குதிரைசக்தி கிடைத்துவிடாது.

இவ்வளவு சின்ன பைக்கில் என்ன கற்றுக்கொள்ள முடியும் என்று பல அப்பாக்கள் என்னிடம் கேட்பார்கள். சின்ன பைக்தான் எல்லாவற்றையும் கற்றுக்கொடுக்கும். பவர் குறைவான பைக்கில் வளைவுக்கு முன்னால் தேவைக்கு மேல் பிரேக் பிடித்துவிட்டால், இழந்த வேகத்தை இன்ஜினால் திருப்பித் தர முடியாது. அடுத்த ஸ்ட்ரெய்ட் முழுக்க அந்தத் தப்பு கூடவே வரும். அதனால் பையன் எங்கே பிரேக்கை விட வேண்டும், எந்த லைனில் உள்ளே போக வேண்டும், உடம்பை எப்போது சாய்க்க வேண்டும் என்று ஒவ்வொன்றாகத் தேடத் தொடங்குவான். பெரிய பைக்கில் இந்தத் தேடலே நடக்காது. த்ராட்டிலைத் திருகினால் தப்பு மறைந்துவிடும். மறைந்த தப்பு போய்விட்டது என்று நினைக்காதீர்கள், வேகம் கூடும்போது ஒருநாள் வெளியே வரும்.

இப்போது என்எஸ்எஃப்250ஆர் பக்கம் வருவோம். மோட்டோஜிபிக்கு இரண்டு படி கீழே இருக்கும் மோட்டோ3 ரேஸுக்கென்றே ஹோண்டா செய்த பைக். 249 சிசி, ஒற்றை சிலிண்டர், எடை வெறும் 84 கிலோ. ரோட்டில் ஓடும் 250 பெரும்பாலும் 150 கிலோவைத் தாண்டிவிடும். இது 13,000 ஆர்பிஎம்மில் ஏறக்குறைய 48 குதிரைசக்தி கொடுக்கும். சிலிண்டர் தலையைத் திருப்பிப் போட்டிருப்பார்கள், முன்பக்கம் காற்று உள்ளே போய்ப் பின்பக்கம் நேராகப் புகை வெளியே வரும். செல்ஃப் ஸ்டார்ட் கிடையாது, தள்ளித்தான் கிளப்ப வேண்டும். விளக்கு இல்லை, சைடு ஸ்டாண்ட் இல்லை. முதல் தடவை அதன் வெளி மூடியான ஃபேரிங்கைக் கழற்றியபோது எனக்குக் கோயில் தேரைப் பக்கத்தில் நின்று பார்த்த மாதிரி இருந்தது.

ஆனால் அது மன்னிக்காத பைக். த்ராட்டிலை அரை விநாடி முந்தித் திறந்தால் பின்சக்கரம் வழுக்கும், சட்டென்று பிடிமானம் திரும்ப வந்தால் ஓட்டுபவனைத் தூக்கி வீசிவிடும். அதைத்தான் ஹைசைட் என்கிறோம். முன்சக்கரம் வழுக்கித் தரையோடு சரிந்து போனால் லோசைட். முட்டி தேயும், பெரும்பாலும் எழுந்து நடந்து வருவார்கள். குட்டி பைக்கில் பையன் நூறு தடவை லோசைட் ஆகட்டும். அப்போதுதான் டயர் பேசுவது அவன் காதில் விழும்.

#7 எலும்போடு உறவு

நான் பிசியோதெரபிஸ்ட். ரேஸ் ஓட்டும் பிள்ளைகள் சிலர் என்னிடம் வருகிறார்கள்.

பனியன்நகரம், இந்த வயதில் நீண்ட எலும்புகளின் முனைகளில் வளர்ச்சித் தட்டு என்ற பகுதி இன்னும் குருத்தெலும்பாகவே இருக்கும். அடி அங்கே பட்டுச் சரியாகக் கவனிக்காமல் விட்டால் அந்தக் கையோ காலோ வளர்வதே பாதிக்கப்படலாம். மணிக்கட்டு வலிக்கிறது என்று பையன் சொன்னால் சுளுக்கு என்று எண்ணெய் தேய்த்து விட்டுவிடாதீர்கள். குழந்தைகளின் எலும்பு பார்க்கும் மருத்துவரிடம் காட்டுங்கள்.

தலையில் அடிபட்டு ஒரு நொடி குழம்பினாலும், வாந்தி வந்தாலும், வெளிச்சம் கூசினாலும் அன்றைக்கு ரேஸ் முடிந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். மருத்துவர் சரி என்று சொல்லும் வரை அடுத்த ரேஸும் கிடையாது. பையன் அழுவான், "நல்லா இருக்கேம்மா" என்பான். அந்த இடத்தில் நீங்கள்தான் உறுதியாக நிற்க வேண்டும். கீழே விழுந்த ஹெல்மெட்டை மறுபடி மாட்டவும் கூடாது. வெளியே கீறல் இல்லாவிட்டாலும் உள்ளே இருக்கும் நுரை அமுங்கியிருக்கலாம்.

கழுத்துத் தசை, வயிற்றுத் தசை, தொடை இவைதான் ரேஸ் ஓட்டும் உடம்பின் அடிப்படை. நீச்சலில் சேருங்கள். இந்த வயதில் ஜிம் எடை தேவையில்லை.

#8 கரையோரம்

அம்மா தயங்காமல் எழுதச் சொன்னதால் எழுதுகிறேன். எனக்கு இது சரியாகப் படவில்லை.

2021ஐ எடுத்துக்கொள்ளுங்கள். மே மாதம் இத்தாலியில் முஜெல்லோவில் ஜேசன் டுபாஸ்கியே, வயது 19. ஜூலையில் ஸ்பெயினின் அரகோனில் ஹூகோ மில்லான், வயது 14. செப்டம்பரில் ஹெரேஸில் டீன் பெர்ட்டா வின்யாலெஸ், வயது 15. நான்கு மாத இடைவெளியில் மூன்று பிள்ளைகள் ரேஸ் விபத்தில் இறந்தார்கள். உலகத்திலேயே மிகவும் பாதுகாப்பான ட்ராக்குகள் என்று பெயர் வாங்கிய இடங்கள் அவை. இரண்டு வருடம் கழித்து நம் சென்னைக்குப் பக்கத்திலேயே ஸ்ரேயாஸ். காலையில் முதல் ஆளாகக் கிளம்பும் போல் பொசிஷன் எடுத்தவன், மதியம் ரேஸ் தொடங்கிய கொஞ்ச நேரத்திலேயே முதல் வளைவைத் தாண்டும்போது விழுந்தான். மினிஜிபி இந்தியாவில் ஜெயித்து ஸ்பெயின் வரை போய் வந்த பையன். இங்கே சிலர் நினைப்பதுபோல் அனுபவம் இல்லாதவன் அல்ல.

திறமை இருந்தால், பயிற்சி இருந்தால், நல்ல ட்ராக் இருந்தால் ஒன்றும் ஆகாது என்று யாரும் இந்த அம்மாவுக்கு வாக்குக் கொடுக்காதீர்கள். பதினொரு வயதுப் பையன் "எனக்கு வேண்டும்" என்பதைச் சம்மதமாக எடுத்துக்கொள்ள முடியுமா? மரணம் என்றால் என்ன என்றே அவனுக்கு இன்னும் முழுதாகத் தெரியாது.

#9 மஞ்சள்கொடி

கரையோரம் எழுதியதில் ஒரு சொல்லைக்கூட மறுக்க மாட்டேன். ஒன்றும் ஆகாது என்று நானும் சொல்ல மாட்டேன். ஆனால் அந்த விபத்துகள் எப்படி நடந்தன என்பதைப் பார்க்க வேண்டும். அதைப் பார்த்தால்தான் எந்தப் படியில் எவ்வளவு ஆபத்து என்பது புரியும்.

2021இல் போன மூவருமே விழுந்ததால் மட்டும் இறக்கவில்லை. விழுந்த பிறகு பின்னால் வந்த பைக் மோதியது. சிறுவர் தொடர்களின் பெரிய சிக்கல் இதுதான். எல்லோருக்கும் ஒரே பைக் என்பது நியாயம், ஸ்பேனர்14 சொன்ன மாதிரி பணத்துக்கு அங்கே வேலை இல்லை. ஆனால் அதே காரணத்தால் யாரும் யாரையும் விட்டுப் பிரிந்து போகவும் முடியாது. முன்னால் போகிறவன் காற்றைக் கிழித்துப் போக, பின்னால் வருகிறவன் அந்த நிழலில் ஒட்டிக்கொண்டு வருவான். ஸ்ட்ரெய்ட்டின் முடிவில் பத்துப் பன்னிரண்டு பைக் ஒரு கட்டாக வளைவுக்குள் நுழையும். டிவியில் பார்க்க அவ்வளவு அழகு. நடுவில் ஒருவன் விழுந்தால் பின்னால் வருகிறவனுக்கு ஒதுங்க இடமும் இருக்காது, நேரமும் இருக்காது. வளைவுக்கு வெளியே எவ்வளவு நிலம் விட்டாலும், காற்றடைத்த தடுப்பான ஏர்ஃபென்ஸ் போட்டாலும் இதற்கு உதவாது. ஏனென்றால் ஆபத்து ட்ராக்கின் நடுவில் இருக்கிறது.

அந்த வருடம் அக்டோபரில் எஃப்ஐஎம் வயது வரம்புகளை உயர்த்தியது. 2023இலிருந்து கிராண்ட் பிரீ என்ற உலக சாம்பியன்ஷிப் ரேஸ்களுக்குப் பொதுவாகக் குறைந்தது 18 வயது. சிறுவர் கோப்பைகளுக்கும் வயதைக் கூட்டி, ரேஸ் தொடங்கும் கிரிட்டில் நிற்கும் பைக்குகளின் எண்ணிக்கையைக் குறைத்தார்கள். மூன்று உயிர் போன பிறகு வந்த விதி அது. அந்த வருத்தம் எனக்கு இன்னும் தீரவில்லை.

அதனால் கார்ட் ட்ராக்கையும் பெரிய ட்ராக்கையும் ஒரே தராசில் வைக்காதீர்கள். இருங்காட்டுக்கோட்டை 3.7 கிலோமீட்டர், கரி 2.1 கிலோமீட்டர். இரண்டிலும் முழு பைக், நீண்ட ஸ்ட்ரெய்ட். கார்ட் ட்ராக்கில் நீண்ட ஸ்ட்ரெய்ட்டே கிடையாது, பைக் முழு வேகம் எடுப்பதற்குள் அடுத்த வளைவு வந்துவிடும். அங்கேயும் விழுவார்கள், எலும்பு முறியலாம், பின்னால் வருகிறவன் ஏறலாம். ஆனால் வேகம் வேறு, எடை வேறு. வேகம் இரண்டு மடங்கானால் மோதலின் ஆற்றல் நான்கு மடங்காகும். பள்ளிக்கூடப் பாடம்தான், அதை நான் ட்ராக் ஓரத்தில் கண்ணால் பார்க்கிறேன்.

குழந்தைகளுக்கு ஓட்டக் கற்றுக்கொடுப்பதற்கு முன்னால் விழக் கற்றுக்கொடுக்க வேண்டும். விழுந்ததும் பைக்கை விட்டுவிடு. கையை ஊன்றாதே. சறுக்குவது முழுதாக நிற்கும் வரை எழாதே. நின்றதும் முதலில் எதிரே யார் வருகிறார்கள் என்று பார், அப்புறம் பக்கத்தில் இருக்கிற ஓரத்துக்கு ஓடு. எங்கள் கண் முன்னால் பிள்ளைகள் செய்யும் பெரிய தப்பு, எழுந்த கையோடு பைக்கைத் தூக்க ட்ராக் நடுவுக்கே ஓடுவது. "பைக்கை விடுடா, வெளியே வா" என்று தொண்டை கிழியக் கத்தியிருக்கிறேன். ஹெல்மெட்டுக்குள் அவனுக்குக் கேட்காது. பைக் கெட்டால் அப்பா திட்டுவார் என்று பின்னால் ஒரு பையன் சொன்னான். வீட்டிலேயே சொல்லி வையுங்கள் அம்மா, பைக் போனால் போகட்டும் என்று.

#10 சுவரோரத்து அப்பா

நான்கு வருடமாக இங்கே படிக்க மட்டும் செய்கிறேன். இன்று எழுதுகிறேன்.

என் மகன் பத்து வயதில் தொடங்கினான். குட்டி பைக்கில் முதல் வருடம் கடைசி, இரண்டாம் வருடம் நடுவில், மூன்றாம் வருடம் மேடை ஏறினான். அவன் கூட ஓட்டிய இரண்டு பையன்கள் பெரிய பைக்குக்குப் போனார்கள். இவன் பின்தங்கிவிடுவானே என்று எனக்கு ஒரு படபடப்பு. ஒரு பயிற்சி மையத்தில் "பையன் ரெடி சார்" என்றார்கள். எப்படிப் பார்த்து ரெடி என்கிறீர்கள் என்று நான் கேட்கவே இல்லை. கேட்க விரும்பவில்லை என்பதுதான் உண்மை. அவன் காலின் நுனி விரல்தான் தரையில் பட்டது. அதையும் பார்த்தேன், வளர்ந்துவிடுவான் என்று நினைத்துக்கொண்டேன்.

இரண்டாவது நாளே ஹைசைட். காறை எலும்பு முறிந்தது, தோளில் பிளேட் வைத்தார்கள். உயிருக்கு ஒன்றுமில்லை. ஆறு மாதத்தில் கை சரியானது, ஆனால் அவனுக்குள் இருந்த ஏதோ ஒன்று திரும்ப வரவில்லை. வளைவு வருவதற்கு வெகு முன்பே த்ராட்டிலை விட்டுவிடுவான். நான் ரேஸ் வண்டிகளைச் சரிபார்க்கும் பிட்டின் சுவரில் ஸ்டாப்வாட்சோடு நின்று போர்டில் நேரம் எழுதிக் காட்டுவேன். ஒருநாள் ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டு, "அப்பா, அடுத்த தடவை ஸ்டாப்வாட்ச் இல்லாம வாங்கப்பா" என்றான். அந்த அடுத்த தடவை வரவேயில்லை.

இப்போது பிளஸ் டூ முடித்துவிட்டான். என்மேல் கோபம் எதுவும் இல்லை. ரேஸ் நாளில் நண்பர்களின் பிட்டில் போய் டயரைச் சூடாக்கும் டயர் வார்மர் மாட்டிக் கொடுக்கிறான், சிரித்த முகமாகத்தான் இருக்கிறான். நான்தான் இன்னும் அந்த இரண்டாவது நாளிலேயே நிற்கிறேன்.

பனியன்நகரம், கரையோரம் "தொடங்கலாமா" என்று கேட்கிறார். எனக்கு அதைவிடப் பெரிய கேள்வி, எப்போது அடுத்த படிக்குப் போவது என்பது. குட்டி பைக்கில் இருந்த மூன்று வருடமும் என் மகனின் குழந்தைப் பருவத்திலேயே நல்ல வருடங்கள். அதை அவனே சொல்கிறான். இன்னும் இரண்டு வருடம் அதிலேயே விட்டிருந்தால் எனக்கு என்ன நஷ்டம் வந்திருக்கும்?

செலவைப் பற்றி ஒரு வரி. பைக்கை ஒரு தடவைதான் வாங்குவீர்கள். டயர், பெட்ரோல், ட்ராக் நாள், பயணம், தங்கும் இடம், விழுந்தால் மாற்றும் ஹேண்டில்பார், லீவர் இவை மாதா மாதம் வரும். அவன் படிப்புக்கு வைத்த பணத்தில் மட்டும் கை வைக்காதீர்கள்.

#11 மஞ்சள்கொடி

அண்ணா, இதை எழுத எவ்வளவு மனபலம் வேண்டும் என்று எனக்குத் தெரியும். நன்றி.

#12 மூன்றாம்கியர்

சின்ன கேள்வி. எனக்கு ஒன்பது வயது மகள். பெண் பிள்ளைகளுக்குத் தனியாக ஓட வேண்டுமா, சேர்ந்தா?

#13 செட்டிபாளையத்தான்

மினிஜிபியில் சேர்ந்துதான் அண்ணா. இந்த வயதில் உடல் வலுவில் பெரிய வித்தியாசம் இல்லை. ஸ்பெயினின் அனா கராஸ்கோ 2018இல் சூப்பர்ஸ்போர்ட் 300 உலகப் பட்டத்தை ஆண்களோடு மோதியே ஜெயித்தார். 2024இல் பெண்களுக்கென்று தனி உலக சாம்பியன்ஷிப் தொடங்கியபோது முதல் பட்டமும் அவருக்குத்தான். நம் பக்கம் பெங்களூருவின் ஐஸ்வர்யா பிஸ்ஸே 2019இல் பாஹா என்ற மண்பாதை ரேஸ் உலகக் கோப்பையில் பெண்கள் பிரிவில் முதலிடம். பத்து வயது ஆகட்டும், அழைத்து வாருங்கள்.

#14 ஷோலாவரம் நினைவு

எனக்கு அறுபதைத் தாண்டியாயிற்று. ஷோலாவரம் பழைய விமான ஓடுதளத்தில் ரேஸ் நடந்த காலத்தில் கூட்டத்தோடு கூட்டமாக நின்று பார்த்தவன். அப்போது ஓட்டப் பழகுவதற்கு என்று ஒரு படிக்கட்டே கிடையாது. ரோட்டில் ஓட்டியவர்கள் வருவார்கள், துணிந்தவர் ஜெயிப்பார். 1990இல் இருங்காட்டுக்கோட்டை ட்ராக் வந்த பிறகும் சிறுவர்களுக்கு வழி பிறக்க ரொம்ப நாள் ஆனது.

2011இல் நம் சென்னைப் பையன், ரைடர் சரத்குமார் 125 சிசி உலக சாம்பியன்ஷிப்பில் இறங்கியபோது என் தெருவில் பத்துப் பேருக்குப் போன் செய்தேன். அவருக்கு எதிரே நின்றவர்கள் ஐந்து வயது முதல் குட்டி பைக்கில் வளர்ந்த ஸ்பெயின், இத்தாலிப் பையன்கள். குறை திறமையில் இல்லை. அவர்கள் ஏறிய படிகள் இங்கே கட்டப்படவே இல்லை.

படி கட்டிய நாடு என்ன ஆனது என்பதற்கு தாய்லாந்தைப் பாருங்கள். ஏசியா டேலண்ட் கப் 2014இல் தொடங்கியது. 2016இல் சொம்கியத் சந்த்ரா அதில் சாம்பியன். 2022இல் இந்தோனேசியாவில் மோட்டோ2 ரேஸை ஜெயித்தார், தாய்லாந்துக்காரர் ஒருவர் கிராண்ட் பிரீ ஜெயித்தது அதுதான் முதல் தடவை. 2025இல் மோட்டோஜிபி கிரிட்டுக்கே வந்துவிட்டார். ஒன்பது வருடம். யாரும் அவரைப் பதின்மூன்று வயதில் அங்கே தூக்கி வைக்கவில்லை.

ரெட்புல் ரூக்கீஸ் கப் எனக்குப் பிடித்ததற்கும் இதுதான் காரணம். 2007இல் தொடங்கியது. பைக்கை அமைப்பாளர்களே தருகிறார்கள், அவர்களே பராமரிக்கிறார்கள். அதனால்தான் ஸ்பெயினின் மசரோன் ஊர் மீனவர் ஒருவரின் மகன் பெட்ரோ அகோஸ்டா அதில் 2020இல் சாம்பியன் ஆக முடிந்தது. அடுத்த வருடமே மோட்டோ3யில் இறங்கி, தோஹாவில் ட்ராக்குக்கு வெளியே பிட் லேனிலிருந்து மற்றவர்களுக்குப் பின்னால் கிளம்பி ரேஸை ஜெயித்தான் பாருங்கள், அன்றைக்கு வீட்டில் எழுந்து நின்று கைதட்டினேன். அந்த வருடம் உலகப் பட்டமும் அவனுக்கே. 2014இல் ரூக்கீஸ் கப் ஜெயித்த ஹோர்ஹே மார்ட்டின் 2024இல் மோட்டோஜிபி உலக சாம்பியன். நடுவில் பத்து வருடம்.

காசிமேட்டிலும் நாகப்பட்டினத்திலும் மீனவர் வீட்டுப் பிள்ளைகள் இருக்கிறார்கள். அவர்களில் ஒருவன் ஒரு குட்டி பைக்கில் உட்காரவாவது இன்று வழி இருக்கிறதா? பணம் இருக்கிற வீட்டுப் பிள்ளை மட்டுமே முதல் படியில் கால் வைக்க முடியும் என்றால், நம் நாட்டின் நல்ல ரைடரை நாம் பார்க்காமலே போய்விடுவோம். கம்பெனிகள் பதினெட்டு வயதுக்கு மேல் செலவழிப்பதில் பாதியைப் பத்து வயதில் செலவழிக்க வேண்டும்.

#15 கரையோரம்

ஷோலாவரம் ஐயா, ஒன்பது வருடம், பத்து வருடம் என்று நீங்கள் எழுதியதைப் படித்தேன். சுவரோரத்து அப்பா எழுதியதை இரண்டு தடவை படித்தேன். என் கருத்து முழுதாக மாறவில்லை, என் வீட்டுப் பிள்ளையை நான் அனுப்ப மாட்டேன். ஆனால் கார்ட் ட்ராக்கில் குட்டி பைக்கில் ஓட்டும் பையனையும், பதின்மூன்று வயதில் பெரிய ட்ராக்கில் நிற்கும் பையனையும் நான் ஒன்றாக வைத்துப் பேசியது தவறு. அதை ஒப்புக்கொள்கிறேன்.

#16 பனியன்நகரம்

மூன்று வாரம் கழித்து வருகிறேன், மன்னிக்கவும்.

எல்லாப் பதிலையும் வீட்டில் சத்தமாக வாசித்தேன். சுவரோரத்து அண்ணா எழுதியதை வாசிக்கும்போது என் கணவர் எழுந்து வாசலுக்குப் போய்விட்டார். கரையோரம், உங்கள் மேல் எனக்கு வருத்தமே இல்லை. உங்கள் கேள்வியை என் மகனிடமே கேட்டேன். ஸ்ரேயாஸைப் பற்றி அவனுக்கு ஏற்கெனவே தெரிந்திருக்கிறது, என்னிடம் சொன்னால் நான் நிறுத்திவிடுவேன் என்று சொல்லாமலே வைத்திருந்திருக்கிறான். அன்று ராத்திரி நெடுநேரம் பேசினோம்.

பதினைந்து வயது வரை கார்ட் ட்ராக், குட்டி பைக் மட்டும் என்று மூவரும் உட்கார்ந்து முடிவு செய்திருக்கிறோம். யார் எங்கே போனாலும் சரி. நோட்டில் எழுதி அவனும் கையெழுத்துப் போட்டிருக்கிறான்.

போன ஞாயிறு முதல் பயிற்சி. காலை முழுக்க வண்டியே கொடுக்கவில்லை. கொடிகளுக்கு அர்த்தம் கேட்டார்கள், மெத்தையில் உருளச் சொன்னார்கள். மதியம் இருபது நிமிடம் ஓட்டினான், இரண்டு தடவை விழுந்தான். இரண்டாவது தடவை பைக்கை விட்டுவிட்டு நேராக ஓரத்துக்கு ஓடினான். மஞ்சள்கொடி அண்ணா, அப்போது உங்களைத்தான் நினைத்துக்கொண்டேன். நேரம் யாரும் எடுக்கவில்லை.

இப்போது ஓர் உதவி. அன்றைக்கு இரவல் கையுறையில் ஓட்டினான். சொந்தமாக வாங்க வேண்டும். அவன் கைக்கு எஸ் சைஸ் சரியாக இருக்கிறது, சீக்கிரம் வளர்ந்துவிடுவான் என்று கடைக்காரர் எம் எடுக்கச் சொல்கிறார். எதை எடுக்கட்டும்?

#17 ஸ்பேனர்14

எஸ் எடுங்கள் அம்மா. பள்ளிக்கூடச் சட்டை மாதிரி வளரட்டும் என்று இதில் பெரிதாக எடுக்கக் கூடாது. விரல் நுனியில் துணி மடிந்தால் பிரேக் லீவர் எவ்வளவு அழுத்தம் வாங்குகிறது என்பது கைக்குத் தெரியாது. உள்ளங்கையில் சுருக்கம் விழுந்தால் கொப்புளமும் வரும். மணிக்கட்டுப் பட்டை இரண்டு இருக்கிற மாதிரி பாருங்கள், கையைப் பிடித்து இழுத்துப் பார்த்தாலும் கழலக் கூடாது. அடுத்த வருடம் பத்தாவிட்டால் மூன்றாம்கியர் அண்ணனின் மகளுக்கு ஆகும்.